சாப்பிடாத சிப்பாயும் வராத வக்கீலும்

கேள்வி: ராணுவத்தில் வக்கீல்களுக்கென்று தனி இலாகாவே இருக்கிறதாமே! சண்டை போடுகிற இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை? சும்மா சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்களோ?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: சாப்பாட்டை லேசாகப் பேசாதீர்கள். சாப்பிடாததற்காகவே ஓராண்டு கடுங்காவல் வாங்கியவர் ராணுவத்தில் உண்டு. ரஞ்சித் தாக்கூர், சிக்னல்மேன் (தகவல் தொடர்புப் பிரிவுச் சிப்பாய்), 1985. கமாண்டிங் ஆபீசர் மீது நேரடியாக மேலிடத்துக்குப் புகார் அனுப்பியதற்காக 28 நாள் தண்டனையில் இருந்தார். சுபேதார் சாப்பிடச் சொன்னார், இவர் சாப்பிடவில்லை. ராணுவச் சட்டம், பிரிவு 41: கீழ்ப்படியாமை! இந்தப் பிரிவு வீடுகளுக்கும் வந்தால் உப்புமா கிண்டுகிற நாளில் குடும்பம் குடும்பமாக உள்ளே போவோம். சட்டினி இருந்தால் தண்டனை குறையுமா என்று அப்பீலும் போவோம். தாக்கூருக்கு வேலையும் போயிற்று. விசாரித்தவர் யார்? யார் மீது புகாரோ, அதே ஆபீசர். 1987-இல் உச்ச நீதிமன்றம்தான் எல்லாவற்றையும் ரத்து செய்து வேலையைத் திருப்பிக் கொடுத்தது.

அப்போது வக்கீல் எங்கே போனார் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? தாக்கூருக்கு நடந்தது சம்மரி கோர்ட் மார்ஷல், அதாவது சுருக்க முறை ராணுவ விசாரணை. அதில் வக்கீலுக்கு நாற்காலியே கிடையாது. சி.ஓ., அதாவது கமாண்டிங் ஆபீசர், ஒருவரே கோர்ட். கூட இருவர் உட்காருவார்கள். அந்த இருவருக்கும் சத்தியப் பிரமாணம்கூடக் கிடையாது. சி.ஓ. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேல் என்றால் ஓராண்டு வரை சிறை கொடுக்கலாம். கீழே என்றால் 3 மாதம். தண்டனையை அறிவித்த பிறகுதான் வழக்குக் கட்டு டெபுடி ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல், அதாவது நீங்கள் கேட்ட வக்கீல் இலாகாவின் அதிகாரி, மேஜைக்குப் போகும்.

ஆபீசரை இப்படி விசாரிக்க முடியாது. ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்றால் குறைந்தது ஐந்து அதிகாரிகள். ஜட்ஜ் அட்வகேட் என்கிற ராணுவ வக்கீல் கட்டாயம். சட்டத்தை எடுத்துச் சொல்வார், சாட்சியங்களைத் தொகுத்துரைப்பார். ஓட்டு மட்டும் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட ஆபீசரைவிட அவர் ரேங்கில் சிறியவராக இருக்கக்கூடாது என்பது 2000-இல் சரண்ஜித் சிங் கில் வழக்கின் தீர்ப்பு. வேறு வழியில்லை என்றால்தான் விலக்கு.

சிப்பாய்க்கு ஒரு நியாயம், ஆபீசருக்கு ஒரு நியாயமா என்று எழுதினால் போதும், 'ராணுவத்தைத் தொடாதே' என்று கடிதம் போட ஒரு கோஷ்டி தயாராக இருக்கிறது. அவர்களுக்கு: கோர்ட் மார்ஷலுக்கு மேல் ஓர் அப்பீல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 1982-இல் சொன்னது. சட்டம் வந்தது 2007-இல். அந்த அப்பீலைக் கேட்கிற ஆயுதப் படைத் தீர்ப்பாயம் கதவு திறந்தது 2009-இல். அதில் ஒரு கிளை சென்னையில் இருக்கிறது. முதலில் அதைப் போய்ப் பாருங்கள், பிறகு கடிதம் எழுதுங்கள்.