லெய்டன் நூலகத்துக்கு வரும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வரும் செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக நெதர்லாந்தின் லெய்டன் நகருக்கு வருவதாகவும், சுமத்ராவின் டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்புவதாகவும் சொல்லியிருந்தீர்கள். இந்தோனேசியா, மலாய் உலகம் பற்றிய எல்லாமே லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா, மலாயும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்தவள் அங்கே சமாளிக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் சுங்கை பட்டாணி, நான் தைப்பிங், இருவரும் மலேசியாக்காரர்கள். இந்த ஊருக்கு வந்து தங்கிவிட்டவள் என்ற முறையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். எல்லாமே இருக்கிறது என்பது மிகை. சமாளிக்கலாம் என்பதும் பாதி உண்மைதான்.

முதலில் இந்தத் தொகுப்பு எப்படிச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் தேடுபவர்களுக்கு நூலகப் பட்டியல் பெரிதாக எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. பல்கலைக்கழகம் தொடங்கியது 1575-இல். ஆனால் இந்தோனேசியச் சேகரிப்பின் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் வந்தது. கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்படும் அதிகாரிகளுக்கு மொழியும் வழக்காறுகளும் கற்பித்த ஊர் இது என்பதால், அவர்களுக்கு வேண்டிய நூல்களும் அவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த சுவடிகளும் இங்கேயே தங்கின. பைபிளை மொழிபெயர்க்கப் போன டச்சு மொழியறிஞர் ஃபான் டெர் டூக் பாத்தாக், பாலி, ஜாவா, மலாய் மொழிச் சுவடிகளைத் திரட்டி, 1894-இல் சுராபாயாவில் இறந்தபோது அவற்றை இந்த நூலகத்துக்கு விட்டுச்சென்றார். அதே 1894-இல் லொம்போக் தீவின் அரண்மனையை டச்சுப் படை கைப்பற்றியபோது எடுத்துவரப்பட்ட, பழைய ஜாவானியக் காவியமான நாகரகிருதாகமத்தின் ஓலைச்சுவடியும் பல ஆண்டுகள் லெய்டனில்தான் இருந்தது. 1970-களில்தான் அது இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. உயிலாக வந்தது, விலைக்கு வாங்கியது, கொள்ளையில் கிடைத்தது என்று மூன்றும் கலந்த சேகரிப்பு இது. இதைச் சொல்ல இங்கே இப்போது யாரும் தயங்குவதில்லை.

இதனோடு இன்னொரு பெரிய ஓடை வந்து சேர்ந்தது. கே.ஐ.டி.எல்.வி. என்ற, தென்கிழக்காசியாவையும் கரீபியனையும் ஆராயும் டச்சு ஆய்வுக் கழகம் 1851-இல் டெல்ஃப்ட் நகரில் தொடங்கி, ஹேக் வழியாக 1960-களில் லெய்டனுக்கு இடம் மாறியது. 1969 முதல் ஜகார்த்தாவில் ஓர் அலுவலகம் வைத்து, இந்தோனேசியாவில் அச்சாகும் நூல்களையும் இதழ்களையும் வாங்கி அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தக் கழகத்தின் நூலகம் 2014-இல் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆம்ஸ்டர்டாமின் வெப்பமண்டலக் கழக நூலகம் மூடப்பட்டபோது, அதன் காலனியக் காலச் சேகரிப்பும் லெய்டனுக்கே வந்தது. மற்றவற்றில் பெரும்பகுதி கப்பலேறி எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போனது. இவ்வளவையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் முயற்சியாக, வித்த சிங்கல் கால்வாய் ஓரத்துப் பழைய நூலகக் கட்டடத்தின் மேல் ஒரு புதிய தளம் எழுப்பி, 2017 செப்டம்பரில் அரசி மாக்சிமா ஆசிய நூலகத்தைத் திறந்துவைத்தார். ஆசியச் சேகரிப்பு முழுவதையும் வரிசையாக அடுக்கினால் சுமார் 30 கிலோமீட்டர் நீளும் என்பார்கள்.

அந்த 30 கிலோமீட்டரையும் நீங்கள் கண்ணால் பார்க்கப்போவதில்லை. மேல்தளத்தில் திறந்த அலமாரிகளில் இருப்பது சிறு பகுதி. மற்றவை மூடிய கிடங்கில் இருக்கின்றன, பட்டியலில் தேடி வேண்டுகோள் கொடுத்து வரவழைக்க வேண்டும். நம் ஊர் நூலகங்களில் அலமாரி அலமாரியாக நடந்து எதையாவது கண்டெடுத்துப் பழகியவர்களுக்கு இது தொடக்கத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும். அதனால் பட்டியலில் எந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடுவது என்பதே இங்கே பாதி ஆய்வு. டச்சுக்காரர்கள் 'உ' ஒலியை 'oe' என்ற இரண்டு ரோமன் எழுத்துகளால் எழுதினார்கள். 'ச' ஒலிக்கு 'tj' என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்தார்கள். இந்தோனேசியாவின் இன்றைய எழுத்துமுறை 1972-இல்தான் வந்தது. லூபுக் பாக்காம், பிஞ்சாய் போன்ற ஊர்களை இன்றைய எழுத்தில் தேடினால் அண்மைக்கால நூல்களே கிடைக்கும். பழைய எழுத்தில் தேடினால் வேறோர் உலகம் திறக்கும். 'தமிழர்' என்று தேடுவதும் அப்படித்தான். நம்மவர்களை அந்தக் கால டச்சு ஆவணங்கள் 'கிளிங்கலீசன்' என்றே குறித்தன. நம் காதுக்கு அது வசைச்சொல்தான், ஆனாலும் தேடல் பெட்டியில் அதைத் தட்டச்சு செய்யாமல் வேலை நடக்காது.

டச்சு கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுவே. பேச வேண்டிய தேவை குறைவு. நூலகத்தில் எல்லாரும் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். ஆனால் டெலி வட்டாரம் பற்றி இங்கே இருப்பதில் பெரும்பாலானது டச்சில் இருக்கிறது. தோட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், தோட்ட முதலாளிகள் சங்க வெளியீடுகள், ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட காலனிய அறிக்கைகள் எல்லாம் அதில் அடங்கும். வாசிக்கும் அளவுக்கு டச்சு கற்பது, ஆங்கிலம் தெரிந்தவருக்கு நீங்கள் அஞ்சுகிற அளவுக்குக் கடினமில்லை. பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் வகுப்புகள் உண்டு. ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் ஊரிலேயே தொடங்கிவிடுங்கள். டெல்ஃபர் என்ற இணையத் தொகுப்பில், டெலியின் முக்கிய நகரமான மேடானில் வெளிவந்த 'டெலி கூரந்த்', 'டி சுமத்ரா போஸ்ட்' ஆகிய பழைய நாளேடுகளை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். கப்பல் வரவு, தப்பியோடிய கூலிகள், நீதிமன்றச் செய்தி என்று சிறு சிறு பத்திகளாக இருப்பதால் மொழி பழகவும் ஏற்றவை.

உங்கள் மலாய் வீணாகாது. 1965-க்குப் பிறகு இந்தோனேசியாவில் தடை செய்யப்பட்ட இடதுசாரி வெளியீடுகள் உட்பட, கடந்த நூற்றாண்டின் மலாய், இந்தோனேசிய அச்சுநூல்கள் இங்கே ஏராளம். சுவடிகள் என்று வந்தால், மலாயை அரபு வரிவடிவில் எழுதும் ஜாவி எழுத்து தெரிந்திருக்க வேண்டும். அச்சே அறிஞர் தெயுக்கு இஸ்கந்தர் 1999-இல் வெளியிட்ட மலாய்ச் சுவடிப் பட்டியல் உங்கள் தலைப்புக்கு நேரடியாக உதவாவிட்டாலும், ஒருமுறை புரட்டினால் எந்த வகைச் சுவடி எந்தக் கை வழியாக வந்தது என்ற ஒழுங்கு பிடிபடும்.

சிறப்புச் சேகரிப்பு வாசிப்பறைக்குள் பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டுமே. பையைக் கீழே பூட்டி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஆய்வுக்குத் தேவையில்லாவிட்டாலும், சுமத்ராவின் பாத்தாக் மக்களின் 'புஸ்தகா' சுவடி ஒன்றையாவது பார்த்துவிடுங்கள். ஒரே நீள மரப்பட்டையை ஆர்மோனியத் துருத்தி போல மடித்து, இரு முனைகளிலும் மரப்பலகை வைத்திருப்பார்கள். அட்டையைத் தூக்கியதும் மடிப்பு மடிப்பாக விரியும்.

நீங்கள் கெடாக்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடாரத்து (இன்றைய கெடா) அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழர்கள் கொடையளித்ததைச் சொல்லும் செப்பேடுகளை நம்மவர்கள் 'லெய்டன் செப்பேடுகள்' என்று அழைப்பதற்குக் காரணம், அவை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நீண்ட காலம் இந்த நூலகத்தின் சேகரிப்பில் இருந்ததே. பெரிய தொகுதியில் 21 ஏடுகள், ஒரு வளையத்தில் கோத்தவை. அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று இந்தியா கேட்டது நியாயம் என்பது என் கருத்து.

உங்கள் தலைப்புக்கு மீண்டும் வருகிறேன். கே.ஐ.டி.எல்.வி. நிழற்படங்களில் டெலி தோட்டங்கள் நிறைய உண்டு. மேடானில் நிழற்படக் கடை வைத்திருந்த கிளைன்குரோத எடுத்த படங்கள் தெளிவில் அபாரமானவை. பல இணையத்திலேயே கிடைக்கும். மாட்டுவண்டியோடு நிற்கும் தமிழர்களை அங்கே காணலாம், ஏனெனில் புகையிலை நடவு பெரும்பாலும் சீனர் கையிலும், வண்டி, சாலை, வாய்க்கால் வேலைகள் நம்மவர் கையிலும் இருந்தன. ஆனால் குறிப்பில் தோட்டத்தின் பெயர் இருக்கும், முதலாளியின் பெயர் இருக்கும். வண்டிக்காரரின் பெயர் இருக்காது. இந்தத் தொகுப்பு டெலியைத் தோட்டத்துரையின் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டே எதையும் வாசியுங்கள்.

அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும் ஆவணங்கள் லெய்டனில் இல்லை, ஹேக்கில் இருக்கின்றன. ரயிலில் கால் மணி நேரம். நடுநிலையத்தை ஒட்டியே தேசிய ஆவணக் காப்பகம். 1902-இல் மேடான் வழக்கறிஞர் ஃபான் டென் பிராண்ட் கூலிகள் படும் கொடுமைகளை அச்சிட்டு வெளியிட, அரசு அனுப்பிய வழக்குத்தொடுநர் ரெம்ரெஃப் 1904-இல் கொடுத்த அறிக்கை வெளியிடப்படாமலே முடக்கப்பட்டு, 1980-களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. காலனிய அமைச்சகத்தின் கோப்புகள் எல்லாம் அங்கேதான். அடுத்தது லண்டன். தமிழ்ச் சஞ்சிக்கூலிகள் (ஒப்பந்தக் கூலிகள்) டெலிக்குப் போவதைப் பிரிட்டிஷ் இந்திய அரசு விரும்பவில்லை. பலர் பினாங்கு வழியாகத்தான் போனார்கள். ஆகவே அந்தக் கடிதப் போக்குவரத்தை பிரிட்டிஷ் நூலகத்தில் தேட வேண்டும். தீபகற்ப மலாயாவைப் பொறுத்தவரை லண்டனே வளமானது. லெய்டனின் பலம் சுமத்ராவும் அதற்குத் தெற்கும் கிழக்கும். குடும்பங்களின் வாய்மொழி வரலாறு வேண்டுமென்றால் மேடானின் கம்போங் மெட்ராசுக்குத்தான் போக வேண்டும். அதற்கான பயணச் செலவை இப்போதே உதவித்தொகை விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். 'தொக்கோ' எனப்படும் கடைகளில் தெம்பேயும் சம்பாலும் கிடைக்கும். அறை கிடைப்பதுதான் பெரும்பாடு. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே பல்கலைக்கழகத்தின் விடுதிப் பட்டியலில் பதிந்துவிடுங்கள்.

வருவதற்கு ஒரு மாதம் முன்பே தென்கிழக்காசியப் பிரிவு நூலகருக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். 'சுமத்ராத் தமிழர் பற்றி என்ன இருக்கிறது' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். நீங்கள் தேடும் தோட்டங்களின் பெயர்களைப் பழைய எழுத்தில், ஆண்டு வரம்போடு, நாளேடுகளில் ஏற்கெனவே கண்ட செய்திகளின் தேதியோடு அனுப்பினால், எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதையே அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அன்புடன்,
அக்கா