பின்குறிப்பில்தான் இருக்கிறது உங்கள் கேள்வி

கேள்வி: என் வயது 47. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். பள்ளியிலும் கல்லூரியிலும் பூப்பந்து ஆடினேன். இங்கே எல்லோரும் பால் பேட்மிண்டன் என்றுதான் சொல்வார்கள். பல்கலைக்கழக அணியிலும் இருந்தேன். அப்பாவுக்கு ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. ஆனாலும் போட்டி நாட்களில் சைக்கிளில் வந்து ஓரமாக நிற்பார். 22 வயதில் திருமணம். அத்துடன் மட்டை பரணுக்குப் போய்விட்டது.

என் கணவரும் கல்லூரியில் படிக்கும் மகனும் தீவிரமான கிரிக்கெட் ரசிகர்கள். எனக்கு ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. "உனக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்பார்கள். போன மாதம் ஒரு பந்துவீச்சாளரைப் பார்த்து, "இந்தப் பையனுக்குக் கால் ஓய்ந்துவிட்டது, அடி வாங்கப் போகிறான்" என்றேன். அதே ஓவரில் மூன்று சிக்ஸர். "குருட்டாம்போக்கில் சொன்னது" என்று மகன் சிரித்தான். எங்கள் குடியிருப்பு விழாவில் விளையாட்டு வினாடி வினா நடத்தக் கணவரை அழைத்தார்கள். என்னைக் கோலப்போட்டிக்கு நடுவராக இருக்கச் சொன்னார்கள். வாழ்நாளில் ஒரு பந்தைக் கூட ஒழுங்காகப் பிடிக்காதவர்கள் விளையாட்டு ஆட்கள் என்றால், நான் யார்? ஆட்டம் பார்க்கப் பிடிக்காத எனக்கு என்னை விளையாட்டு வீராங்கனை என்று சொல்லிக்கொள்ள உரிமை இருக்கிறதா?

பி.கு.: எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள பள்ளி மைதானத்தில் காலையில் சிலர் பால் பேட்மிண்டன் ஆடுகிறார்கள். எல்லோரும் ஆண்கள். பால் வாங்கப் போகும்போது சற்று நின்று பார்த்துவிட்டு வருவேன்.

பெயர் வேண்டாம்.

பதில்: கடிதம் முழுவதும் கணவர் மீதும் மகன் மீதும் வழக்குத் தொடுத்திருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் மைதானம் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு அந்தப் பின்குறிப்புதான் கடிதமாகத் தெரிகிறது. ஆனாலும் வழக்கை விசாரிக்காமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். முதலில் அதற்கு வருகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் கேலரிக்காரன். பள்ளி நாட்களில் கூட என்னை ஸ்கோர் எழுதத்தான் உட்கார வைப்பார்கள். ஆகையால் நீங்கள் குற்றம் சாட்டும் கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் கூட்டத்துக்காகக் கொஞ்சம் வாதாடவும் போகிறேன்.

ஆட்டம் பார்க்கப் பிடிக்காதது விசித்திரமா என்று கேட்டால், இல்லை. ஆடியவர்களில் பலர் அப்படித்தான். பார்ப்பதற்கென்று ஒரு உட்காரும் பழக்கம் வேண்டும். ஆடிப் பழகிய உடம்புக்கு அது சுலபத்தில் வருவதில்லை. தவிர, நீங்கள் பார்க்கும் இடமே வேறு. உங்கள் மகன் பந்தைப் பார்க்கிறான், ஸ்கோரைப் பார்க்கிறான், அந்தப் பந்துவீச்சாளரை ஏலத்தில் எத்தனை கோடிக்கு எடுத்தார்கள் என்பதும் அவனுக்கு மனப்பாடமாக இருக்கும். நீங்கள் ஓடிவருகிறவனின் காலைப் பார்த்தீர்கள். முன்னங்கால் ஊன்றும் இடம் தள்ளாடுவதும், ஒரு பந்து முடிந்து திரும்பி நடக்கும்போது தோள் தொங்குவதும், இடுப்பில் கை போவதும் உங்களுக்குக் கண்ணில் பட்டிருக்கும். ஏன் பட்டது என்று உங்களாலேயே விளக்கியிருக்க முடியாது. மூன்று சிக்ஸர் விழுந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு, அதை ஒப்புக்கொள்ளுங்கள். கால் ஓய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்ததில் அதிர்ஷ்டம் எதுவும் இல்லை.

உங்கள் ஆட்டம் அப்படிப் பழக்கியது. பூப்பந்து தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள களம், பக்கத்துக்கு ஐந்து பேர். முப்பது கிராமுக்குள் எடையுள்ள மஞ்சள் கம்பளிப் பந்து. டென்னிஸ் பந்து போல அது தரையில் பட்டு எழும்பி வராது. விழுவதற்குள் எடுத்தாக வேண்டும். திறந்தவெளி ஆட்டம் என்பதால் காற்றும் ஒரு ஆட்டக்காரர்தான். எதிர்க்காற்றில் தூக்கி அடித்த பந்து வலைக்கே திரும்பி வரும்; பின்காற்றில் மெல்லத் தட்டியதும் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். புதுப் பந்து கெட்டியாக, வேகமாக வரும். நாலு செட் அடி வாங்கியதும் நூல் பிரிந்து, மயிர் சிலிர்த்துக்கொண்டு, காற்றில் தயங்கித் தயங்கி இறங்கும். பின்வரிசையில் நிற்பவர் எதிராளியின் மணிக்கட்டைப் பார்த்தே கிளம்பியிருக்க வேண்டும். பந்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் காலம் கடந்துவிடும். வெளியே போகிற பந்தா, எடுக்க வேண்டிய பந்தா என்று கண் சிமிட்டும் நேரத்தில் முடிவெடுத்து "விடு" என்று முன்னால் நிற்பவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். இதை ஏழெட்டு வருடம் செய்தவருக்கு ஓய்ந்த காலை அடையாளம் தெரியாமல் போனால்தான் ஆச்சரியம்.

வீராங்கனை என்று சொல்லிக்கொள்ளும் உரிமைக்கு ஓட்டுநர் உரிமம் மாதிரிக் காலாவதித் தேதி எதுவும் போட்டுக் கொடுப்பதில்லை. சொல்லிக்கொள்ளுங்கள். யாராவது ஆதாரம் கேட்டால், கேட்டவரைக் களத்துக்கு அழையுங்கள்.

இனி எதிர்த்தரப்பு. "ஒரு பந்தைக் கூட ஒழுங்காகப் பிடிக்காதவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. ரசிகன் என்பவன் தோற்றுப்போன ஆட்டக்காரன் என்றொரு எண்ணம் ஆடியவர்கள் பலரிடம் இருக்கிறது. அது தவறு. ரசிப்பதும் தனி வேலை, அதிலும் தேர்ச்சி உண்டு. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் நடந்ததை உங்கள் கணவரிடம் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார். பாகிஸ்தானுடன் டெஸ்ட், இந்தியாவின் இலக்கு 271. முதுகுவலியோடு நின்று ஆடிய சச்சின் 136 ரன்னில் ஆட்டமிழந்தபோது 17 ரன்தான் பாக்கி. மீதி விக்கெட்டுகள் நாலு ரன்னுக்குள் சரிந்தன. 12 ரன்னில் தோல்வி. அரங்கம் சற்று நேரம் உறைந்து போயிருந்தது. பிறகு மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்காக எழுந்து நின்று கை தட்டியது. அந்த நாளின் ஆட்டத்தைப் பேசும் யாரும் கேலரியைப் பேசாமல் விடுவதில்லை. எழுந்து நின்றவர்களில் எத்தனை பேர் மட்டையைப் பிடித்திருப்பார்கள்? ஆனால் தோற்ற வலியிலும் நல்ல ஆட்டம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேலரிக்காரனாக நான் பெருமைப்படும் நாள் அது.

இன்னொன்று. உங்கள் கடிதத்திலேயே ஒரு ரசிகர் நிற்கிறார், நீங்கள் கவனிக்காமல் எழுதிவிட்டீர்கள். விதி தெரியாமல், சைக்கிளில் வந்து, ஓரமாக நின்றவர். அவர் எந்தப் பந்தைப் பிடித்தார்? அவரை மட்டும் விலக்கிவிட்டு மற்ற ரசிகர்களை இளக்காரம் செய்வது நியாயமாகப் படவில்லை.

உங்கள் வீட்டில் நடப்பது ஆட்டக்காரருக்கும் ரசிகருக்கும் இடையிலான சண்டை என்று நான் நினைக்கவில்லை. டிவியில் வருகிற விளையாட்டுக்கும் டிவியில் வராத விளையாட்டுக்கும் உள்ள தூரம் அது. தஞ்சை அரச குடும்பத்தில் பிறந்த ஆட்டம் என்று சொல்லப்படுகிற பூப்பந்து, உங்கள் மாவட்டத்து வீட்டிலேயே அந்நியமாகிவிட்டது. 1970இல் இந்த விளையாட்டுக்காக அர்ஜுனா விருது வாங்கினார் தெலுங்கு தேசத்து ஜம்மலமடக பிச்சையா. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2021 டிசம்பரில் மறைந்தார். உங்கள் மகனிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், விழிப்பான். அவனைத் திட்டாதீர்கள். அந்தப் பெயரை அவனுக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் வீட்டில் நீங்கள்தான், நீங்களோ மட்டையைப் பரணில் போட்டுவிட்டு வாயையும் மூடிக்கொண்டீர்கள். சான்றிதழ்களை எடுத்து மேசையில் பரப்பச் சொல்லவில்லை. அது பரிதாபமாக முடியும். அடுத்த முறை "கால் ஓய்ந்துவிட்டது" என்று சொல்லும்போது எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரசிகனுக்குப் புள்ளிவிவரப் பசி தீராது. இப்படி ஒரு விவரம் கிடைத்தால் விடமாட்டான், தன் நண்பர்களிடம் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லித் திரிவான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலப்போட்டி விஷயத்தில் எனக்கும் கோபம்தான். வருகிற ஆண்டு அழைத்தால், பெண்களுக்கு ஒரு ஓட்டப்பந்தயம் வைத்தால் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது பின்குறிப்பு. பார்க்கவே பிடிக்காது என்கிற நீங்கள், பால் பாத்திரத்துடன் நின்று பார்க்கிறீர்கள். பார்க்கப் பிடிக்காதவர் செய்கிற காரியமா இது? உங்களுக்குக் குறைவது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். குறைவது ஆட்டம். வீட்டில் இருவரும் நாளைக்கே உங்களுக்கு மாலை போட்டாலும் அந்தக் குறை தீராது.

இந்த இடத்தில் பத்திரிகைக்காரர்கள் வழக்கமாக மன் கௌரின் கதையைச் சொல்வார்கள். 93 வயதில் ஓடத் தொடங்கி, 101 வயதில், 2017இல், ஆக்லாந்து மூத்தோர் போட்டியில் நூறு மீட்டர் தங்கம் வாங்கிய சண்டிகர்ப் பாட்டி. அருமையான கதை, உங்களுக்கு உதவாது. அவர் புதிதாகத் தொடங்கினார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மன் கௌர் என்று ஒருவர் இல்லை. நீங்கள் திரும்பிப் போகிறீர்கள். அங்கே இருபது வயதில் ஒருத்தி ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறாள், ஒவ்வொரு பந்துக்கும் அவள்தான் முதலில் கிளம்புவாள். பந்து எங்கே விழும் என்று மனம் சரியாகச் சொல்லும், கால் போய்ச் சேராது. முதல் மாதம் முழுக்க இதுதான் நடக்கும். பலர் இந்த ஒரு மாதத்தில்தான் வெட்கப்பட்டு நின்றுவிடுகிறார்கள், அல்லது அந்த இருபது வயதுக்காரியைத் துரத்திக்கொண்டு போய்க் காலை உடைத்துக்கொள்கிறார்கள்.

உடைத்துக்கொள்வது என்று சும்மா சொல்லவில்லை. பல வருடம் கழித்துத் திடீரென்று களமிறங்கும் நடுவயதுக்காரர்களுக்குக் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொள்வதும், குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் அறுந்துபோவதும் மருத்துவர்கள் வழக்கமாகப் பார்ப்பவை. நிற்கிற நிலையிலிருந்து சட்டென்று பாய்வதுதான் காரணம், உங்கள் ஆட்டமோ முழுக்க அந்தப் பாய்ச்சல். ஆகையால் முதலில் மருத்துவரிடம் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பாருங்கள். ஆட்டத்துக்குத் திரும்பப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இசிஜி தேவையா என்பதை அவரிடமே விடுங்கள். பிறகு சில வாரங்கள் வேகநடை. வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவது. முழங்கால் வலித்தால் அடக்கிக்கொண்டு தொடராதீர்கள். நடைப்பயிற்சி ஷூவுடன் களத்தில் இறங்க வேண்டாம். அது முன்னால் நடப்பதற்கு, பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் மடங்கும். பரணில் இருக்கும் மரமட்டையில் நரம்பு தளர்ந்திருக்கும், சட்டமும் வளைந்திருக்கலாம். பார்த்து ரசித்துவிட்டுப் புது மட்டைக்குச் செலவு செய்யுங்கள். நீங்கள் ஆடிய காலத்தில் ஒரு செட்டுக்கு 29 புள்ளி; இப்போது 35. யாரும் சொல்லாமல் ஆடி, 29இல் கை குலுக்கப் போய்விடாதீர்கள்.

எல்லோரும் ஆண்கள் என்பதை ஒரு தடையாக எழுதியிருக்கிறீர்களா, தகவலாக எழுதியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. காலை ஆட்டக் குழுக்களுக்குத் தீராத ஒரு குறை உண்டு: பத்து பேர் சேர மாட்டார்கள். எட்டுப் பேரோடு நின்று, வராதவனுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒழுங்காகப் பந்தெடுக்கத் தெரிந்த ஒன்பதாவது ஆள் ஆணா பெண்ணா என்று அந்த நேரத்தில் ஆராயமாட்டார்கள். வயதில் மூத்தவராகத் தெரிகிறவரிடம் போய், "நான் பல்கலைக்கழக அணியில் ஆடியவள், கொஞ்ச நாள் பின்வரிசையில் நிற்கலாமா?" என்று கேளுங்கள். தயங்கித் தயங்கிக் கேட்காதீர்கள், எந்த இடத்தில் ஆடினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆடுகிறவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், உங்களோடு ஆடியவர்களில் பக்கத்து ஊரில் யாராவது இருப்பார்கள். அவரும் ஏதோ ஒரு மைதானத்து ஓரத்தில் பால் பாத்திரத்துடன் நின்றுகொண்டிருக்கக்கூடும், கூப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் இதை அனுமதி கேட்கிற தொனியில் சொல்ல வேண்டாம். காலையில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறேன், பாலை வாங்கி வருவதும் காபி போடுவதும் இனி உங்கள் இருவர் பாடு என்று தகவலாகச் சொல்லுங்கள். ஐபிஎல் ஆட்டங்கள் இரவு ஏழரைக்குத் தொடங்கிப் பதினோரு மணியைத் தாண்டுகின்றன. விடியற்காலை எழ வேண்டிய ஆட்டக்காரர் ஒருவர் அடுத்த அறையில் தூங்குகிறார், கடைசி ஐந்து ஓவரை டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.