பானெட் உக்காரலைன்னா பானெட்டைத் தொடாதீங்க

வணக்கம் அண்ணா,

வில்லிஸ் சிஜே-3பி ஜீப் ஒண்ணை முழுசா பிரிச்சுப் போட்டு சரிபண்ணிக்கிட்டு இருக்கேன். தரைத் தகடு, ரெண்டு பக்கத் தகடு, முன் மட்கார்டு ரெண்டு எல்லாம் புதுசு. தரையும் பக்கமும் இப்போதைக்கு டாக் (அங்கங்க புள்ளியா வைக்கிற வெல்டு) மட்டும் அடிச்சு நிக்குது. கிரில், மட்கார்டெல்லாம் மாட்டிட்டு பானெட்டை இறக்கினா இடது பக்கம் மட்கார்டு மேல உரசுது, வலது பக்கம் விரலே உள்ள போகுது. மட்கார்டு ஓட்டையும் கவுல் (விண்ட்ஷீல்டுக்குக் கீழ, இஞ்சினுக்குப் பின்னாடி நிக்கிற பாடியோட முன்பகுதி) ஓட்டையும் நேர்ல வரலை. டிங்கர் அண்ணன் ஓட்டையை அரம் போட்டு நீட்டி இழுத்து முடுக்கிடலாம்ங்கிறார். பிரண்டு ஒருத்தன் பார்ட்ஸே தப்பு, திருப்பி அனுப்புன்னு சொல்றான். எதைக் கேக்கிறது? இன்னொரு சந்தேகம், புதுத் தகடெல்லாம் கறுப்புப் பூச்சோட வந்திருக்கு, அது மேலயே பெயிண்ட் அடிக்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

தம்பி,

ரெண்டு பேர் சொல்றதையும் இப்ப கேக்க வேண்டாம். டாக் மட்டும்தான் அடிச்சிருக்கீங்கன்னு படிச்சதும் எனக்குப் பெரிய நிம்மதி, ஏன்னா இந்த நிலைமையில எதை வேணும்னாலும் கழட்டி திருத்திக்கலாம், முழு வெல்டிங் ஓடிட்டா அப்புறம் கிரைண்டர் எடுக்கிறதைத் தவிர வேற வழியில்ல.

ஒரு பக்கம் உரசல் இன்னொரு பக்கம் இடைவெளின்னா அது பானெட்டோட குத்தமும் இல்ல, பெரும்பாலும் மட்கார்டு குத்தமும் இல்ல, கவுலும் கிரிலும் ஒண்ணுக்கொண்ணு முறுக்கிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். பானெட் பின்னாடி கவுல்ல கீல் போட்டு நிக்குது, முன்னாடி கிரில் மேல உக்காருது, கிரில் சேஸிஸ்ல நிக்குது, கவுல் பாடியோட சேந்து ரப்பர் பேட் மேல நிக்குது. அதனால கீழ எங்கயோ 2 மில்லி சாஞ்சிருந்தா அது பானெட் முனைக்கு வர்றதுக்குள்ள பெருகிடும். அதைப் போய் மட்கார்டு ஓட்டையில சரிபண்றது, அஸ்திவாரம் இறங்கினதுக்குக் கதவை இழைக்கிற மாதிரி.

பேக்டரியில இந்த பாடியை ஜிக்ல, அதாவது தகடுகளை அதோட இடத்துல பிடிச்சு நிறுத்துற சட்டத்துல, வச்சுப் பூட்டி ஸ்பாட் வெல்டு அடிச்சாங்க, ஒவ்வொரு தகடும் எங்க நிக்கணும்னு அந்த ஜிக் சொல்லிடும். உங்ககிட்ட ஜிக் கிடையாது, ஆனா அதோட வேலையைச் செய்ய சேஸிஸும் பக்கத்துல நிக்கிற மத்த தகடுங்களும் இருக்கு. அதனாலதான் எல்லாத்தையும் மாட்டி நிறுத்திப் பாக்காம எதையும் முழுசா வெல்டு பண்ணக் கூடாதுன்னு நான் திரும்பத் திரும்ப எழுதுறேன்.

முதல்ல வண்டி எது மேல நிக்குதுன்னு பாருங்க. சேஸிஸோட நாலு முனையில ஸ்டாண்டு வச்சிருந்தீங்கன்னா எடுத்துட்டு ஆக்சிலுக்கு அடியில கொடுங்க, ஸ்பிரிங் மேல எப்பவும் நிக்கிற மாதிரி நிக்கட்டும். முடிஞ்சா இஞ்சின், கியர்பாக்ஸையும் உக்கார வச்சுடுங்க, அந்த வெயிட்டோட பாத்தாதான் நிஜமான நிலைமை தெரியும். அப்புறம் தூக்குக்குண்டு கட்டி சேஸிஸோட நாலு இடத்துல இருந்து தரைக்கு இறக்கி சாக்பீஸ்ல புள்ளி வச்சு மூலைக்கு மூலை அளங்க, ரெண்டு அளவும் ஒண்ணா வரணும். வரலைன்னா பாடி வேலையை அப்படியே நிறுத்திட்டு சேஸிஸை நேராக்கிட்டுதான் மேல போகணும், இதுல சமாதானமே கிடையாது. ஆனா இது சேஸிஸ் பக்கவாட்டுல கோணியிருக்கிறதைத்தான் காட்டும், முறுக்கல் தெரியணும்னா குறுக்க லெவல் வச்சு முன்னாடியும் பின்னாடியும் ஒப்பிட்டுப் பாருங்க.

சேஸிஸ் சரின்னா அடுத்தது பாடி பேட். பழைய ரப்பர் நசுங்கி ஒண்ணு தடியா ஒண்ணு மெலிசா இருக்கும், எல்லாத்தையும் புதுசா மாத்திட்டு போல்ட்டை கையால திருப்புற அளவுக்கு மட்டும் விடுங்க. கவுலுக்கு அடியில எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கோ அங்க 1 மில்லி ஷிம் (மெலிசான தகட்டுத் துண்டு) ஒண்ணு வச்சு பானெட்டை இறக்கிப் பாருங்க, பத்தலைன்னா இன்னொண்ணு. கிரிலுக்கும் பின்னாடி இருக்கிற தடுப்புத் தகட்டுக்கும் நடுவுல போற கம்பியோட நட்டைத் திருப்பினா கிரில் முன்ன பின்ன சாயும், அதையும் பாத்துக்கங்க. பானெட் கொக்கியைப் போட்டு இழுத்துட்டு சரியாயிடுச்சுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. கொக்கி இல்லாம தானா உக்காரணும். விண்ட்ஷீல்டு பிரேமையும் மாட்டி முன்னாடி மடக்கி நிமித்திப் பாருங்க, கவுல் கோணியிருந்தா அது உடனே காட்டிக் கொடுத்துடும்.

இதெல்லாம் பண்ணியும் ஓட்டை 1, 2 மில்லி விலகி நின்னா அப்ப அரம் போடலாம், தப்பே இல்ல. அதுக்கு மேலன்னா பழைய மட்கார்டை எடுத்து புதுசு மேல வச்சு ஒப்பிடுங்க. பழசைத் தூக்கிப் போட்டுடலையே? எவ்வளவு துருப்பிடிச்சாலும் வண்டி முடியுற வரைக்கும் அது இருக்கணும், மடிப்பு எங்க, ஓட்டை எங்கன்னு சொல்ல அதை விட்டா உங்களுக்கு வேற வரைபடம் கிடையாது. சிஜே-3பியில ஹரிக்கேன் இஞ்சின் உயரம்கிறதால பானெட், கிரில், கவுல் மூணும் அதுக்கு முந்தின மாடலான சிஜே-3ஏ-வை விட உயரமா வரும், அதனால வேற மாடல் பார்ட்ஸ் ஏதும் கலந்திருக்கான்னும் பாத்துடுங்க. அப்படி இருந்தா உங்க பிரண்டு சொன்னது சரி, திருப்பி அனுப்பிடுங்க.

வெல்டிங் பத்தி நீங்க கேக்கலை, ஆனா சொல்லாம விட மனசு வரலை. இந்த வண்டியோட பக்கத் தகடு பெரிய சப்பைத் தகடு, சூட்டைத் தாங்காது. ஒரு முனையில ஆரம்பிச்சு நேரா ஓட்டிக்கிட்டே போனா வெல்டு ஆறும்போது சுருங்கி இழுத்துடும், அப்புறம் கையால அமுக்கினா டப்புன்னு உள்ள போய் டப்புன்னு வெளிய வரும், அதை நிமித்துறது லேசான காரியம் இல்ல. 0.6 மில்லி வெல்டிங் கம்பி போட்டு ஒரு டாக் இங்க, அடுத்தது அந்தக் கடைசியில, அடுத்தது நடுவுலன்னு தாண்டித் தாண்டி அடிங்க, கை வச்சா சுடாத அளவுக்கு ஆறினதும்தான் பக்கத்துல அடுத்தது. டாக் ஆறினதும் பின்னாடி டாலி (கையில பிடிக்கிற இரும்புக் கட்டை) கொடுத்து சுத்தியால லேசா தட்டுங்க, சுருங்கின இரும்பு தட்டத் தட்ட விரிஞ்சு கொடுக்கும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க.

கறுப்புப் பூச்சுக்கு வர்றேன். துணியில தின்னர் நனைச்சு ஒரு ஓரத்துல அழுத்தித் தேய்ங்க. துணியில கறுப்பு வந்தா அது வழியில துருப்பிடிக்காம இருக்க அடிச்ச பெயிண்ட், முழுசா உரிச்சே ஆகணும், மேல அடிச்சா அதோட சேந்து உங்க பெயிண்ட்டும் உரிஞ்சு வரும். வரலைன்னா அது பெரும்பாலும் கரண்டுல ஏத்தின பூச்சு, நல்லது, எடுக்க வேண்டாம், வெல்டு வர்ற இடத்துல மட்டும் பளபளன்னு இரும்பு தெரிய சுரண்டிட்டு மீதியை உப்புத்தாள் போட்டு எபாக்ஸி ப்ரைமர் கொடுங்க. தகடு மேல தகடு ஏறுற இடத்துல வெல்டுக்கு முன்னாடியே துத்தநாக ப்ரைமர் தடவிடணும், அப்புறம் அங்க பிரஷ் போகாது.

தரைத் தகட்டுக்கு அடியில போற தொப்பி சேனலை (தொப்பி வடிவத்துல மடிச்ச இரும்புத் தாங்கி) மட்டும் மறக்காதீங்க. போர்க்கால எம்பி ஜீப்புல அதுக்குள்ள மரக்கட்டையே வச்சிருந்தாங்க, அது தண்ணியைக் குடிச்சு இரும்பை உள்ளயிருந்தே அரிச்சுடுச்சு. உங்களோடதுல கட்டை இல்லன்னாலும் ஈரமும் மண்ணும் தங்குற இடம் அதுதான், தண்ணி வடிய ஓட்டை அடைபடாம இருக்கான்னு பாத்துட்டு, பெயிண்ட் முடிஞ்சதும் நீள ட்யூப் விட்டு மெழுகு ஸ்ப்ரே அடிச்சுடுங்க.

சேஸிஸோட மூலைக்கு மூலை அளவு ரெண்டையும், ஷிம் வைக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பானெட் இடைவெளி எவ்வளவுன்னும் எழுதி அனுப்புங்க, படமும் சேத்து. அதைப் பாத்துட்டு மட்கார்டைப் பத்தி முடிவு பண்ணிக்கலாம், அதுவரைக்கும் அரம் பெட்டியிலயே இருக்கட்டும்.