வயர நீட்டினதும் ட்யூனர் ஏன் கைகொடுக்கல?

கேள்வி: சார், நான் புதுசா லைசன்ஸ் வாங்கின ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்). 50 எம்எம் பிவிசி பைப்ல 16 கேஜ் எனாமல் கம்பிய, கம்பி தடிமனுக்கு இடைவெளி விட்டு 25 சுத்து சுத்தி, 5 சுத்துக்கு ஒரு டேப் (கிளிப் மாட்ட நடுவுல எடுக்கிற இணைப்பு) எடுத்து, ட்ரான்சிஸ்டர் ரேடியோவோட சின்ன பிளாஸ்டிக் கேங்க (ஸ்டேஷன் மாத்த திருப்புற கண்டென்சர்) ரிக் (ட்ரான்ஸ்மிட்டர்-ரிசீவர் செட்) பக்கம் கிரவுண்டுக்குப் போட்டு ஆன்டெனா ட்யூனர் செஞ்சேன். மாடியில 10 மீட்டர் ஆன்டெனா வயர் இருந்தப்ப 7.1 மெகாஹெர்ட்ஸ்ல எஸ்டபிள்யூஆர் (மேட்ச் எவ்வளவு மோசம்னு காட்டுற அளவு) நல்லா இறங்குச்சு. 20 மீட்டர் ஆக்கினதும் எந்த டேப்ல கிளிப் போட்டாலும் இறங்கல. கிளிப்புக்கு அப்புறம் பயன்படாம இருக்கிற மிச்ச சுத்துகள ஷார்ட் பண்ணணுமா, சும்மா விடணுமா?
- கோவை வாசகர்

பதில்: காயில் நல்லாத்தான் இருக்கு தம்பி, கணக்குப் போட்டா மொத்த இண்டக்டன்ஸ் 15 மைக்ரோஹென்றி பக்கம் வருது, 7 மெகாஹெர்ட்ஸுக்கு தாராளம். கண்டென்சர் நிக்கிற இடம்தான் தப்பு. 10 மீட்டர் வயர் அங்க கால் அலை, இம்பீடன்ஸ் (ரேடியோ சிக்னலுக்கு வயர் காட்டுற எதிர்ப்பு) கம்மி, ட்யூனருக்குப் பெருசா வேலையே இல்ல. 20 மீட்டர் ஆனதும் அரை அலை ஆயிடுச்சு, முனையில ரெண்டாயிரம் மூவாயிரம் ஓம்னு ஏறிடும், ரிக் பக்கம் கண்டென்சர் வச்சா 50 ஓமுக்குக் கீழ இருக்கிறதத்தான் மேட்ச் பண்ண முடியும். அதனால கண்டென்சர கழட்டி காயிலுக்கு அந்தப் பக்கம், வயர் சேர்ற இடத்துல கிரவுண்டுக்குப் போடுங்க. 3000 ஓம்னு வச்சுக்கிட்டா காயில்ல சுமாரா 8.6 மைக்ரோஹென்றி, கண்டென்சர்ல 57 பிகோஃபேரட் வேணும், அதாவது 16வது சுத்து பக்கம், கேங் கொஞ்சமாத்தான் மூடியிருக்கும். 12ல இருந்து 20 வரைக்கும் ஒவ்வொரு சுத்துக்கும் டேப் எடுத்துக்கோங்க, எனாமல நல்லா சுரண்டிட்டு சால்டர் வைங்க.

ஆனா அந்த பிளாஸ்டிக் கேங் இங்க வேண்டவே வேண்டாம், வெறும் 10 வாட்டுக்கே அங்க 170 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பழைய வால்வு ரேடியோவோட ஏர் கேங் (தகடுகளுக்கு நடுவுல காத்து மட்டும் இருக்கிற கண்டென்சர்) கெடைச்சா ஒரே ஒரு செக்‌ஷன மட்டும் போடுங்க. இவ்வளவு வோல்டேஜோட மல்லுக்கட்ட வேணாம்னா வயர 16 மீட்டரா வெட்டிடுங்க, எனக்கு அதுதான் பிடிச்ச வழி, அப்பவும் கண்டென்சர் வயர் பக்கமே இருக்கட்டும், டேப் மட்டும் மாறும். 10 மீட்டர் கவுன்டர்பாய்ஸ் (கிரவுண்டு பக்கம் சேர்க்கிற வயர்) ஒண்ணு கட்டாயம் விரிச்சு விடுங்க.

மிச்ச சுத்துகள ஷார்ட் பண்ணிடுங்க. 7ல பெருசா வித்தியாசம் தெரியாது, 21, 28 மெகாஹெர்ட்ஸ் போறப்ப சும்மா விட்ட முனையில வோல்டேஜ் எகிறிடும். ஷார்ட் பண்ணினதும் இண்டக்டன்ஸ் கொஞ்சம் குறையும், டேப் ஒரு சுத்து தள்ளிப் போகலாம்.

முதல்ல ரிசீவர்ல இரைச்சல் அதிகமா வர்ற டேப்ப கண்டுபிடிச்சு, அப்புறம் 5 வாட்ல மீட்டரப் பாருங்க. கேரியர் (ட்ரான்ஸ்மிட் சிக்னல்) போய்க்கிட்டிருக்கறப்ப மட்டும் கிளிப்ப தொடவே தொடாதீங்க, ஆர்எஃப் சுட்ட புண்ணு ஆற ரொம்ப நாளாகும்.