சீருடை இல்லாதவர்களுக்கும் தகவல் போகட்டும்

பிரிட்டனில் ஏர் கேடட்ஸ் (விமானப்படை சார்ந்த இளைஞர் அமைப்பு) ஸ்குவாட்ரன் ஒன்றை நடத்துவதாகவும், சிவிலியன் இன்ஸ்ட்ரக்டர்கள், அதாவது சீருடை இல்லாமல் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்கள், இரண்டு பேர் சொல்லாமலே நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நானும் சில வருடம் சீருடை இல்லாமல் ரேடியோ சொல்லிக்கொடுத்தவன். பெரும்பாலும் காரணம், தகவல் வந்து சேராததுதான். ஒருநாள் வேலை முடித்து நேராக, பையில் ஆறு ரேடியோக்களோடு போனேன். கதவு பூட்டியிருந்தது. வகுப்பு ரத்து என்று சீருடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டிருந்தார்கள். மனசு விட்டுப்போனது. முதலில் பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரே குழு வையுங்கள்.

சிவிலியன் இன்ஸ்ட்ரக்டரை எப்படிக் கூப்பிடுவது என்று கேடட்கள் குழம்புவதாகச் சொன்னீர்கள். சல்யூட் வேண்டாம், அது அரசரின் கமிஷன், அதாவது அரசர் பெயரிலான அதிகாரி நியமனம், பெற்றவருக்கு உரியது. ‘சார்’, ‘மேம்’ அல்லது மிஸ்டர் சேர்த்த குடும்பப்பெயர், எதுவென்று அவரிடமே கேட்டு, அணிவகுப்பில் எல்லார் முன்னாலும் அறிமுகப்படுத்துங்கள்.

அப்புறம், 12 வருடச் சேவைக்கான கேடட் படைப் பதக்கம் சீருடையில் இருப்பவர்களுக்குத்தான். அதனால் சிவிலியன் இன்ஸ்ட்ரக்டர்களுக்கு நன்றி சொல்வது உங்கள் பொறுப்பு. பரிசளிப்பு நாளில் பெயர் சொல்லி மேடைக்கு அழையுங்கள். நின்றுபோன இருவருக்கும் மின்னஞ்சல் போடாதீர்கள், இந்த வாரமே போன் செய்யுங்கள்.