நன்றி நோட்டு ஏன் சலித்துப்போகிறது?

கேள்வி: எனக்கு 63 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பெரிய நோய்நொடி இல்லை. பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். "இருப்பதை நினைத்து நன்றியோடு இரு" என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று, தினமும் ஐந்து விஷயம் எழுத ஒரு நோட்டுப் போட்டேன். இரண்டே மாதத்தில் அதே ஐந்து வரிகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. சலித்துவிட்டது. தோழிகள் கூடினால் முட்டிவலியும் மாத்திரையும்தான் பேச்சு. வயலின் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டால், "இந்த வயசுல எதுக்கும்மா?" என்கிறான் மகன். மனசு இளமையாக இருக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது; இளமை வேஷம் போடுவது மட்டும் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்? கடைசியாக ஒன்று: தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்களிடம் நன்றியுணர்வு குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நோட்டு சலித்ததற்குக் காரணம் எழுதிய முறைதான். தினமும் எழுதினால் மனம் பழகிப்போய்விடும். இரண்டாவது வாரத்திலேயே கை எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். இந்தப் பயிற்சியைப் பலரும் அறியச் செய்தது ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு. அதன் முதல் பகுதியில் மாணவர்கள் வாரத்துக்கு ஒருமுறைதான் எழுதினார்கள். பின்னால் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினர், வாரம் ஒருமுறை எழுதியவர்களையும் மூன்று முறை எழுதியவர்களையும் ஒப்பிட்டபோது, ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. ஆகவே, ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று பத்து நிமிடம் போதும். ஐந்து விஷயம் வேண்டாம், ஒன்றோ இரண்டோ எழுதுங்கள்.

எப்படி எழுதுவது? "பிள்ளைகள்", "ஆரோக்கியம்", "வீடு" என்பவை வெறும் தலைப்புகள். தலைப்பைப் படித்தால் யாருக்கும் மனம் நெகிழாது. ஒரு வரியில் மூன்று செய்தி இருக்க வேண்டும்: யார், என்ன செய்தார், அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார். "செவ்வாய் மாலை மகள் போனில் பேசினாள். மாத்திரையின் பெயரைச் சொல்ல நான் தடுமாறியபோது, அவசரப்படுத்தாமல் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அன்று அவளுக்கு ஆபீஸில் ஆடிட்." இப்படி எழுதிய பக்கத்தை ஆறு மாதம் கழித்துப் புரட்டினாலும் அந்த மாலை அப்படியே திரும்ப வரும். மூன்றாவது செய்தியை விட்டுவிடாதீர்கள். நமக்குக் கிடைத்தது நமக்கு உடனே தெரிந்துவிடும். கொடுத்தவருக்கு அதில் என்ன சிரமம் இருந்தது என்பது, உட்கார்ந்து யோசித்தால்தான் தெரியும். நன்றி ஊறுவது அங்கிருந்துதான்.

எழுத ஒன்றுமே தோன்றாத வாரத்தில் கழித்துப் பாருங்கள். வாழ்க்கையில் நடந்த ஒரு நல்ல திருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை கிடைக்காமல் போயிருக்க எத்தனை வழி இருந்தது? அந்தத் தோழியைச் சந்திக்காமலேயே போயிருக்கக் கூடிய சந்தர்ப்பங்கள் என்னென்ன? அவற்றை எழுதுங்கள். கிடைத்ததைக் கூட்டி எண்ணுவதைவிட, கிடைக்காமல் போயிருக்கலாம் என்று நினைப்பது மனத்தை அதிகம் அசைக்கிறது என்று 2008இல் வந்த ஓர் ஆய்வு காட்டுகிறது.

இரண்டு தவறுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "அவரைவிட நான் பரவாயில்லை" என்று அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து ஆறுதல் அடைவது நன்றியாகாது. அந்த ஆறுதலுக்குள் "நாளைக்கு எனக்கும் அது வரும்" என்ற பயம் ஒளிந்திருக்கும். வயது ஏற ஏற அந்தப் பயம்தான் மிஞ்சும். இன்னொன்று, நன்றியைச் சொல்லி வலியை மூடுவது. வேலை போன பிறகு வரும் வெறுமை, கண்ணாடியில் தெரியும் மாற்றம், முன்போல் ஓட முடியாத கால்கள், எல்லாமே இழப்புகள்தான். "எனக்கென்ன குறை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவை போய்விடாது. அதே நோட்டில் எதிர்ப்பக்கத்தில் அந்த வாரம் வருத்தியதையும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டும் அடுத்தடுத்து இருக்கட்டும். ஒன்றை எழுதியதால் மற்றது பொய்யாகிவிடாது.

நோட்டைவிடப் பலன் தருவது ஒன்று உண்டு: நன்றிக் கடிதம். உங்களுக்குப் பெரிய உதவி செய்து, நீங்கள் முறையாக நன்றி சொல்லாமல் விட்ட, இன்றும் உயிரோடு இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பழைய மேலதிகாரி, ஆசிரியை, அக்கம்பக்கத்தவர், யாராகவும் இருக்கலாம். ஒரு பக்கம், ஏறக்குறைய 300 சொற்கள் எழுதுங்கள். அவர் செய்தது என்ன, அது எந்த நேரத்தில் வந்தது, அதனால் உங்கள் வாழ்க்கை எப்படித் திரும்பியது, இப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்ற வரிசையில் வரட்டும். "நீங்கள் தெய்வம்", "சொல்ல வார்த்தையில்லை" போன்ற வரிகள் வேண்டாம். நடந்ததை அப்படியே எழுதினாலே போதும். பிறகு, காரணம் சொல்லாமல் நேரம் கேட்டு, நேரில் போய் வாய்விட்டுப் படியுங்கள். முடியாவிட்டால் போனில் படியுங்கள். கூச்சமாக இருக்கும்; அதனால்தான் பெரும்பாலானோர் எழுதிவிட்டுக் கொடுக்காமல் வைத்துவிடுகிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் 2018இல் இதைச் சோதித்தார்கள். பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்கு அவர்கள் சங்கடப்படவில்லை. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே மகிழ்ந்தார்கள். மார்ட்டின் செலிக்மன் குழுவினரின் 2005 ஆய்வில், இப்படி நேரில் கொடுத்த கடிதம் தந்த மகிழ்ச்சி ஒரு மாதம் வரை தெரிந்தது, பிறகு மங்கியது. அப்படியானால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி வயலினுக்கு வருவோம். தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். மனசு இளமையாக இருப்பது என்று நீங்கள் கேட்பதற்கு எங்கள் பதிலே அதுதான்: ஏதாவது ஒன்றில் கத்துக்குட்டியாக இருப்பது. தெரிந்ததை மட்டுமே செய்துகொண்டு, தெரிந்தவர்களோடு மட்டுமே பேசிக்கொண்டு, தப்பு செய்ய வாய்ப்பே இல்லாத வாழ்க்கைக்குள் ஒடுங்கும்போதுதான் மனம் கிழடாகிறது. உடையும் ஒப்பனையும் இதில் சேர்த்தி இல்லை.

டெனிஸ் பார்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 60 வயது தாண்டியவர்கள் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் என மூன்று மாதம் டிஜிட்டல் புகைப்படக்கலையோ துணி ஒட்டுத்தையலோ கற்றார்கள். ஒரு குழு, புதிதாக எதையும் கற்காமல், கூடிப் பேசிப் பொழுதைக் கழித்தது. நினைவாற்றல் கூடியது கற்றவர்களுக்குத்தான். ஜாலியாக இருந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் திணற வேண்டும். வீட்டிலிருந்து கற்பவருக்கு அத்தனை மணி நேரம் தேவையில்லை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம் போதும். அதையும் இருபது இருபதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வயலினைத் தோளில் வைத்து வாசிக்கும் முறையில் கற்றால், கழுத்தும் இடது தோளும் இறுகிக்கொள்ளும். தோள்தாங்கியின் உயரத்தைச் சரிசெய்து தரும்படி முதல் வகுப்பிலேயே கேளுங்கள். வயது ஏறும்போது சுறுசுறுப்பு காலை நேரத்துக்கு நகர்ந்துவிடும் என்பதால், பயிற்சியை முற்பகலில் வையுங்கள். நேற்றுக் கற்றதை இன்று பார்க்காமல் வாசிக்க முயன்றுவிட்டுப் பிறகு பாட நோட்டைத் திறங்கள்.

பெரியவர்கள் பாதியில் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் திறமைக் குறைவு இல்லை. பக்கத்தில் இருக்கும் பத்து வயதுக் குழந்தையோடு தங்களை ஒப்பிட்டுக்கொள்வதுதான். வயதோடு மனம் செயல்படும் வேகம் குறையும், அது உண்மை. ஆனால் கற்கும் திறன் போய்விடுவதில்லை. ஒப்பிட வேண்டும் என்றால், மாதம் ஒருமுறை போனில் பதிவு செய்து, சென்ற மாதப் பதிவோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறு வாரம் ஒலி கர்ணகொடூரமாகத்தான் இருக்கும். வயலினின் இயல்பே அது. மூன்று மாதம் முடியும் வரை, தொடர்வதா விடுவதா என்ற கேள்வியையே எழுப்பாதீர்கள்.

மகனிடம் வாதாட வேண்டாம். "செவ்வாய், வியாழன் காலை பத்து மணிக்கு எனக்கு வகுப்பு, அந்த நேரத்துக்கு வேறு வேலை வைக்காதே" என்று சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பதுபோல் பேச்சைத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் அனுமதி தருபவராக மாறிவிடுவார். ஆனால் "இந்த வயசுல" என்ற சொல் மகன் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. பல நேரம் நம் வாயிலிருந்தும் வருகிறது. அதைக் கவனியுங்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயது கடந்த 660 பேரின் தகவல்கள் இருந்தன. தங்கள் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள், அப்படி இல்லாதவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். எண்ணம் ஒன்றே ஆயுளை நீட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "இனி என்ன இருக்கிறது" என்று நினைப்பவர் நடைப்பயிற்சியையும் மருத்துவப் பரிசோதனையையும் தள்ளிப்போடுவது நாம் தினமும் பார்ப்பதுதானே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மனத்தின் இளமைக்குக் கால்களின் பலம் அடிப்படை. கால் தளர்ந்தால் வெளியே போவது குறையும். வெளியே போவது குறைந்தால் புதிய முகங்களும் புதிய பேச்சும் தானாகக் குறைந்துவிடும். இப்போதே சோதித்துப் பாருங்கள். கைப்பிடி இல்லாத, ஏறக்குறைய 43 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நடுவில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து முழுதாக உட்காருங்கள். 30 விநாடியில் எத்தனை முறை முடிகிறது? 60 முதல் 64 வயதுள்ள பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் சராசரியைவிடக் குறைவு என்று பொருள்.

சோதனைதான் பயிற்சியும். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு விட்டு, எட்டு முதல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். ஒரு நிமிடம் இளைப்பாறிவிட்டு இன்னொரு சுற்று. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள். பலம் கூடுவதில் பாதி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. எழும்போது மூச்சை விடுங்கள்; அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே மடங்கினால் முட்டி வலிக்கும், பாதவிரல்களின் திசையிலேயே இருக்கட்டும். வலி இருந்தால் கெட்டியான மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் கையில் கொஞ்சம் எடை வைத்துக்கொள்ளுங்கள். எடையைக் கூட்டாமல் மாதக்கணக்கில் அதையே செய்வதுதான் பலரும் பலன் காணாததற்குக் காரணம். வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். மரியா ஃபியாடரோன் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், 90 வயதை ஒட்டிய, முதியோர் இல்லத்தில் இருந்தவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி தந்தபோது, கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அது கண்காணிப்பில் நடந்த பயிற்சி. இதயநோய், எலும்பு மெலிவு, தலைச்சுற்றல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். இதோடு வாரத்துக்கு 150 நிமிடம் சுறுசுறுப்பான நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அந்த வேகம் சரி.

தோழிகளின் முட்டிவலிப் பேச்சை நிறுத்தப் பார்க்காதீர்கள். அது அவர்களுக்குத் தேவை. முதல் பத்து நிமிடம் அதற்குக் கொடுத்துவிட்டு, "வாங்க, நடந்துகிட்டே பேசலாம்" என்று கிளப்புங்கள். நடக்கும்போது கண்ணில் படுவதெல்லாம் பேச்சுக்குள் வந்துவிடும். வயலின் வகுப்பில் உங்களைவிட இருபது முப்பது வயது இளையவர்கள் பழக்கமாவார்கள். அவர்களிடம் அறிவுரை சொல்வதைக் குறைத்து, கேள்வி கேட்பதைக் கூட்டுங்கள். கூட்டத்தில் பேச்சு பிடிபடாமல் ஒதுங்கி உட்காரத் தோன்றினால், அதைக் கூச்சம் என்று முடிவுகட்டாமல் காதைப் பரிசோதியுங்கள். வயதால் வரும் செவிக் குறைவில் முதலில் தேய்வது உச்ச ஒலிகள். "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்று தோன்றுவது அதனால்தான்.

எல்லாம் செய்தும், இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருந்தாலோ, பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு எல்லாம் மனச்சோர்வு போலவே தெரியும். மனச்சோர்வே என்றாலும் அதற்குச் சிகிச்சை உண்டு. அந்த நிலையில் நன்றி நோட்டு எழுதச் சொல்லி உங்களையே வருத்திக்கொள்ளாதீர்கள்.

சாயம் உங்கள் விருப்பம். பூசுவதால் வேஷமும் ஆகாது, விடுவதால் வயதும் கூடாது. தொடர்வதானால், ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன் முழங்கை மடிப்பில் ஒரு துளி வைத்துச் சோதியுங்கள். பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட சாயம்கூட ஒருநாள் ஒவ்வாமையைக் கொண்டுவரலாம். விடுவதானால், முடி மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ.தான் வளரும் என்பதை நினைவில் வையுங்கள். நீள முடியில் நரையும் சாயமும் இரண்டு நிறமாக இரண்டு ஆண்டுக்கு மேல் நிற்கும். அது பிடிக்காவிட்டால் தோளுக்கு மேலே வெட்டிக்கொண்டு தொடங்குங்கள்.