பழைய கடைகளில் ஏன் எப்போதும் அதே ஜாஸ் இசைத்தட்டுகள்?

அமெரிக்க டிரம்பெட் கலைஞர் ஹெர்ப் ஆல்பர்ட், இங்கிலாந்துக் கிளாரினெட் கலைஞர் ஆக்கர் பில்க், ஜெர்மன் இசைக்குழுத் தலைவர் ஜேம்ஸ் லாஸ்ட் ஆகியோரின் தட்டுகள் எந்த நாட்டுப் பழைய கடையிலும் குவிந்து கிடக்கின்றனவே, மட்டமான இசை என்பதாலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிச்சயமாக இல்லை. ஒரு தட்டு கடையில் தேங்க வேண்டுமென்றால், வீடுகளிலிருந்து நிறைய வந்து விழ வேண்டும், தேடி வந்து எடுத்துப்போக ஆளும் இருக்கக் கூடாது. ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’ (1959) கூட லட்சக்கணக்கில் விற்றதுதான். ஆனால் அதை இன்றைக்கும் இளவட்டங்கள் கேட்டு வாங்குகிறார்கள், அதனால் கடையில் தங்குவதில்லை. ப்ளூ நோட் மாதிரி சின்ன ஜாஸ் இசைத்தட்டு நிறுவனங்களின் அந்தக் காலத் தட்டுகளோ அச்சானதே கொஞ்சம். வைத்திருப்பவர் லேசில் விடமாட்டார்.

ஆல்பர்ட் கதை வேறு. 1965இல் வந்த ‘விப்டு கிரீம் அண்ட் அதர் டிலைட்ஸ்’ 60 லட்சத்துக்கு மேல் விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஜாஸ் பித்தர்கள் இல்லை. புதிதாக ஸ்டீரியோ வாங்கியவர்கள், வீட்டில் விருந்து வைப்பவர்கள். (அட்டைப் படத்தில் ஒரு பெண்ணை மூடியிருக்கும் ‘கிரீம்’ பெரும்பாலும் சவர நுரை. நிஜக் கிரீம் விளக்குச் சூட்டில் உருகிவிடுமாம்.) அந்தத் தலைமுறை போய் வீடு காலியாகும்போது, எல்லாம் பெட்டியோடு வெளியே வருகின்றன.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கமும் அப்படித்தான். இந்தத் தட்டுகள் இருந்தது தோட்டத்துத் துரை பங்களாவிலும் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) வீட்டிலும். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்தவை எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாட்டுகள். கல்யாணம், திருவிழா, தீபாவளி என்று அவை தேயத் தேய ஓடின. அதனால்தான் கீறல் இல்லாத தமிழ்த் தட்டு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆல்பர்ட் தட்டு விருந்தாளி வந்தால்தான் அலமாரியை விட்டு இறங்கும். உறையின் ஓரத்தைக் கறையான் அரித்திருக்கும், அட்டையில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும். தட்டை உருவி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பள்ளங்கள் புதுசாய் மின்னும்.

இவர்களை லேசாக எடைபோடாதீர்கள். ஜேம்ஸ் லாஸ்ட் 1950களின் தொடக்கத்தில் ஜெர்மன் ஜாஸ் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சிறந்த பாஸ் (கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம்) கலைஞர். இதே கடைகளில் கிடக்கும் இன்னொருவரான ரே கானிஃப் பெரிய ஸ்விங் (நடன ஜாஸ்) குழுக்களில் டிராம்போன் வாசித்து வந்தவர். கூட்டத்துக்குப் பிடித்த மாதிரி வாசித்ததால் கைத்திறன் எங்கும் போய்விடவில்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். பில்க்கின் ‘ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி ஷோர்’ சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும். 1962இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயியில் மூச்சுக் காற்றும் நடுக்கமும் கலந்து அவர் இழுக்கும் இழுப்பு நம் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு உடனே பிடிபடும். பூஞ்சை இருந்தால் மெல்லிய துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, பள்ளம் போகும் வாக்கிலேயே துடையுங்கள். நடு லேபிளில் மட்டும் தண்ணீர் படக் கூடாது.